ஸ்டாண்டர்டு ஹெரால்டு: ஒன்பதாம் மாதக் குறிப்பு

ஏற்காட்டில் ஒரு காபித் தோட்டத்துக் கொட்டகையில் பல ஆண்டுகள் அசையாமல் நின்றிருந்த 1966ஆம் ஆண்டு ஸ்டாண்டர்டு ஹெரால்டை அஸ்தம்பட்டியில் உள்ள எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து இந்த மாதத்துடன் ஒன்பது மாதங்கள் ஆகின்றன. மலைப்பாதையின் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் அது லாரியின் மேல்தான் இறங்கியது. ஏறக்குறைய 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடக்கூடிய அந்த வண்டியை, அதே வளைவுகளில் அதன் சொந்தச் சக்கரங்களாலேயே ஏற்றிக்கொண்டு போக வேண்டும் என்பதுதான் என் ஆசை. 948 சிசி எஞ்சினும் பிரேக்கும் சென்ற மாதமே முடிந்துவிட்டன. இம்முறை எழுதுவது பாடியைப் பொருத்தியதையும் பெயிண்ட் அடித்ததையும் பற்றி மட்டுமே.

இங்கிலாந்தின் டிரையம்ப் ஹெரால்டை அடிப்படையாகக் கொண்டு சென்னை ஸ்டாண்டர்டு தொழிற்சாலையில் உருவான இந்தக் காருக்குத் தனிச் சேஸி, அதாவது அடிச்சட்டம், உண்டு. பாடி பல பகுதிகளாக அதன் மேல் போல்ட் போட்டு நிற்கிறது. முன் மட்கார்டுகளும் பானெட்டும் ஒரே துண்டாக முன்பக்கமாகக் கவிழ்ந்து திறக்கும். கழற்றுவதற்கு இதைவிட வசதியான கார் கிடையாது. ஆனால், திரும்ப மாட்டும்போது சேஸிக்கும் பாடிக்கும் நடுவே வைக்கும் தகட்டு வாஷர்களில் ஒன்று கூடினாலும் குறைந்தாலும் கதவின் இடைவெளி மேலே ஒன்றாகவும் கீழே ஒன்றாகவும் மாறிவிடுகிறது. கழற்றிய அன்று ஒவ்வொரு போல்ட்டிலும் எத்தனை வாஷர் இருந்தது என்று நோட்டில் குறித்து வைத்திருந்தேன். ஆனால், துருப்பிடித்த பக்கவாட்டுத் தாங்கிகளை வெட்டியெடுத்துப் புதிதாக வெல்டிங் செய்த பிறகு அந்தக் கணக்கு பயன்படவில்லை. இடது கதவின் பின்விளிம்பில் மேலே 7 மி.மீ., கீழே 3 மி.மீ. என்று வந்தது. அதை இரண்டு முனைகளிலும் 5 மி.மீ. ஆக்க நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் பிடித்தன.

அப்போதுதான் எங்கள் டிங்கர் அண்ணன், "தம்பி, ரப்பர் பீடிங்கையும் போட்டு மூடிப் பாருங்க. பெயிண்ட்டுக்கு அப்புறம் பாத்தா ரெண்டு வேலை," என்றார். வெறும் தகட்டை வைத்து அளந்துவிட்டு வேலை முடிந்தது என்று நினைத்திருந்த எனக்கு அந்தச் சொல் பெரிய உதவி. வெளியூரிலிருந்து வரவழைத்த பீடிங், அதாவது கதவோர ரப்பர் பட்டை, பழையதைவிடத் தடிமனாக இருந்ததால் கதவு முழுவதுமாகப் படியாமல் கீழ்மூலையில் வெளியே தள்ளிக்கொண்டு நின்றது. அதைத் திருப்பி அனுப்பிவிட்டு மெல்லியதை வாங்கினேன். கைப்பிடி, பூட்டு, கண்ணாடி உட்பட எல்லாவற்றையும் ஒருமுறை மாட்டி, திறந்து மூடி, மறுபடி கழற்றிய பிறகே பிரைமருக்குப் போனோம்.

பழைய நிறம் டாஷ்போர்டின் அடியில் வெயில் படாத இடத்தில் கிரீமாகவே இருந்தது. அதைக் காட்டித்தான் புதுப் பெயிண்ட்டைக் கலந்து வாங்கினேன். அக்காலத்துக் காருக்கு என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பெயிண்ட்தான் பொருத்தம் என்று வாதிடும் நண்பர்கள் இருக்கிறார்கள். ஈரக்காற்றில் அடித்தால் அது வெளிறிப் பூத்துவிடும், பளபளப்பும் விரைவில் மங்கும் என்பதால் மலைக்குப் போக வேண்டிய வண்டிக்கு நான் பி.யூ. (பாலியூரித்தேன்) பெயிண்ட்டையே தேர்ந்தெடுத்தேன். அதைக் கெட்டிப்படுத்தக் கலக்கும் ஹார்டனரில் நுரையீரலைப் பாதிக்கும் ஐசோசயனேட் இருப்பதால் சாதாரணத் துணி முகமூடி போதவே போதாது. வெளிக்காற்றைக் குழாய் வழியாகத் தரும் முகமூடியை வாடகைக்கு எடுத்தோம்.

ஏப்ரல் மாதத்துச் சேலத்தில் வெயிலுக்கு முன் எழுந்தால்தான் பெயிண்ட் வேலை நடக்கும். காலை ஐந்தரை மணிக்குக் கம்ப்ரசர் டேங்கின் தண்ணீரை வடித்துவிட்டு, மெதுவாக உலரும் தின்னரைக் கலந்து தொடங்கினோம். பானெட், கூரை, வலது கதவு எல்லாம் எட்டரைக்குள் முடிந்தன. இடது கதவு மட்டும் பத்து மணியைத் தாண்டியது. அதற்குள் தகடு கைவைக்க முடியாத அளவுக்குச் சூடேறியிருந்தது. அன்றே நிறுத்தியிருக்க வேண்டும். நான்தான் முடித்துவிடலாம் என்றேன்.

ஒரு வாரம் கழித்து இரவில் கொட்டகையின் டியூப் லைட்டை மட்டும் எரியவிட்டு ஒவ்வொரு பேனலாகப் பார்த்தேன். கூரையில் விளக்கின் பிரதிபலிப்பு நூல் பிடித்ததுபோல் நேராக ஓடியது. பானெட்டில் லேசாக ஆரஞ்சுத் தோல் போன்ற சுருக்கம் தெரிகிறது. 2000 எண் வாட்டர் பேப்பரும் மெருகேற்றும் காம்பவுண்டும் அதைச் சரிசெய்துவிடும். விளிம்புகளில் பெயிண்ட் மெல்லியதாக இருப்பதால் அங்கே மட்டும் டேப் ஒட்டிவிட்டுத் தேய்க்க வேண்டும். இரவல் வாங்கிய பெயிண்ட் தடிமன் மானி கூரையில் 140 முதல் 170 மைக்ரான் வரை காட்டியது. பள்ளத்தை நிரப்பப் பூசிய பழைய பட்டியைச் சுரண்டி டிங்கரிங் செய்த இடது பின் மட்கார்டில் 310 வந்தது. அங்கே மெல்லிய பட்டி இருப்பது எனக்குத் தெரியும் என்பதால் அதை ஏற்றுக்கொண்டேன்.

இடது கதவை ஏற்றுக்கொள்ள முடியவில்லை. கைப்பிடிக்குக் கீழே, உள்ளங்கை அகலத்தில், ஊசிமுனை அளவிலான குழிகள் கூட்டமாக இருந்தன. வெயிலில் மேல்தோல் முதலில் காய்ந்துவிட, அடியில் சிக்கிய தின்னர் கொப்புளித்து வெளியேறிய துளைகள் அவை. பஃபிங்கில் அவை மறைவதுபோல் தோன்றினாலும் வெள்ளைக் காம்பவுண்ட் உள்ளே தங்கிப் புள்ளிபுள்ளியாகக் காட்டிவிடும்.

கதவைக் கழற்றித் திண்ணையில் பழைய போர்வையின் மேல் கிடத்தியிருக்கிறேன். கீல்களின் வாஷர்களை இந்த முறை வரிசை மாறாமல் கம்பியில் கோத்து, போல்ட்டுகளோடு சேர்த்துக் கட்டி வைத்தாயிற்று. ஞாயிறு காலை ஐந்து மணிக்கு வருவதாக டிங்கர் அண்ணன் சொல்லியிருக்கிறார்.