மூளைக் கட்டிகளுக்கு முதலில் வகை, அதன் பிறகே தரம்: நோய்க்குறியியல் தேர்வு அனுபவம்

முடிவு வந்துவிட்டது, தேறிவிட்டேன். நோய்க்குறியியல் மேற்படிப்பில் பெரும்பாலோர் கடைசி வாரத்துக்குத் தள்ளிவைக்கும் மூளை, நரம்பு மண்டலக் கட்டிகள்தான் எனக்கு மதிப்பெண்ணை ஈட்டித் தந்த பகுதி என்பதால், அதைப் படித்த விதத்தை மறப்பதற்குள் எழுதிவைக்கிறேன். அட்டவணைகளை மனப்பாடம் செய்வது எனக்கு ஒத்துவராது. அது கைவந்தவர்கள் இதில் பாதியைத் தள்ளிவிடலாம்.

மூத்தவர்களிடமிருந்து கைமாறி வரும் பழைய குறிப்பேடுகளை முதலில் ஓரங்கட்டுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் மூளை, நரம்பு மண்டலக் கட்டிகள் வகைப்பாட்டின் 2021ஆம் ஆண்டு ஐந்தாம் பதிப்பில் தரத்தை (கட்டியின் தீவிர அளவை) ரோமன் எண்ணில் எழுதுவதில்லை. 1 முதல் 4 வரை சாதாரண எண்களே. ‘அனாபிளாஸ்டிக் அஸ்ட்ரோசைட்டோமா’ என்ற பெயரும் போய், ‘ஐடிஹெச் பிறழ்வுள்ள அஸ்ட்ரோசைட்டோமா, தரம் 3’ என்றாகிவிட்டது (அஸ்ட்ரோசைட்டோமா என்பது அஸ்ட்ரோசைட் என்னும் மூளைத் தாங்கு செல்களை ஒத்த கட்டி; ஐடிஹெச் ஒரு மரபணு). இது வெறும் பெயர்மாற்றம் அன்று. தரம் என்பது ஒவ்வொரு வகைக்குள்ளும் தனியாக அளக்கப்படுவது; எனவே வகையை முடிவு செய்யாமல் தரத்தை எழுதவே கூடாது. இந்த ஒன்றை மட்டும் நான் திரும்பத் திரும்பச் சொல்வேன்.

செய்முறைத் தேர்வில் எனக்கு வந்த ஸ்லைடு ஒரு சிறுவனின் சிறுமூளைக் கட்டி. நீர்ப்பையின் சுவரை ஒட்டி, சுருண்டு திரண்ட ரத்தக்குழாய்ப் பெருக்கம் வரிசையாகத் தெரிந்தது. அதைக் கண்டதும், கிளையோபிளாஸ்டோமாவின் அடையாளமாயிற்றே என்று, தரம் 4 என எழுதக் கை பரபரக்கும். ஆனால் அருகிலேயே, நாரிழைகள் அடர்ந்த பகுதியில், இளஞ்சிவப்பாகத் தடித்துத் திருகிய ரோசென்தால் இழைகளும், சற்றுத் தள்ளி ஈயோசின் ஏற்ற மணியுருக்களும் கிடந்தன. அது பைலோசைட்டிக் அஸ்ட்ரோசைட்டோமா, தரம் 1. அந்த வகையில் ரத்தக்குழாய்ப் பெருக்கம் தரத்தை உயர்த்தாது. இதற்கு நேர்மாறாக, 60 வயதுக்காரரின் பெருமூளையில் பரவலாக ஊடுருவும் அஸ்ட்ரோசைட்டிக் கட்டியில் திசு நசிவோ ரத்தக்குழாய்ப் பெருக்கமோ இல்லாமலிருக்கலாம். ஐடிஹெச், ஹெச்3 மரபணுக்கள் இரண்டிலும் பிறழ்வு இல்லாமல், டெர்ட் மரபணுவின் புரோமோட்டர் (இயக்கு பகுதி) பிறழ்வு, ஈஜிஎஃப்ஆர் மரபணுப் பெருக்கம், 7ஆம் குரோமோசோம் கூடி 10ஆவது இழக்கப்பட்டிருத்தல் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலே அது கிளையோபிளாஸ்டோமா, தரம் 4.

விடையை அடுக்காக எழுதுங்கள். மேலே ஒருங்கிணைந்த நோயறிதல், அடுத்து திசுத்தோற்றம், பிறகு தரம், கடைசியில் மூலக்கூறு விவரம். பரிசோதனை செய்யப்படவில்லை என்றால் ‘என்ஓஎஸ்’ (மேலும் குறிப்பிடப்படாதது). செய்தும் எந்த வகையிலும் பொருந்தவில்லை என்றால் ‘என்ஈசி’ (வேறெங்கும் வகைப்படுத்தப்படாதது). இவ்விரண்டையும் மாற்றி எழுதினால், மீதி எல்லாம் சரியாக இருந்தாலும் தேர்வாளரின் முகம் சுருங்கிவிடும்.

கட்டாயம் கேட்கப்படுபவை:

- ஒலிகோடென்ட்ரோகிளையோமா: ஐடிஹெச் பிறழ்வும் 1பி/19கியூ கூட்டிழப்பும் (1ஆம் குரோமோசோமின் குட்டைக் கையும் 19ஆவதின் நீண்ட கையும் சேர்ந்து இழக்கப்படுதல்) இரண்டுமே வேண்டும். தரம் 2 அல்லது 3 மட்டும், 4 கிடையாது.
- ஐடிஹெச் பிறழ்வுள்ள அஸ்ட்ரோசைட்டோமா: ஏடிஆர்எக்ஸ் புரத இழப்பு துணைச் சான்று. சிடிகேஎன்2ஏ/பி மரபணுக்களின் இரு பிரதிகளும் இழக்கப்பட்டிருந்தால், நசிவு இல்லாவிட்டாலும் தரம் 4.
- ஹெச்3 கே27 மாற்றமுள்ள நடுக்கோட்டுக் கிளையோமா: தோற்றம் எவ்வளவு சாதுவாக இருந்தாலும் தரம் 4.
- மிக்ஸோபாப்பில்லரி எபென்டிமோமா: முன்பு 1, இப்போது 2.
- மெடுல்லோபிளாஸ்டோமா: எல்லாமே தரம் 4. ஆயினும் டபிள்யூஎன்டி என்ற மூலக்கூறுக் குழு சிகிச்சைக்கு நன்றாகக் கட்டுப்படும். தரம் வேறு, சிகிச்சைக்குப் பிந்தைய போக்கு வேறு என்பதற்கு இதையே எடுத்துக்காட்டாகச் சொல்லலாம்.

மெனின்ஜியோமாவில் (மூளை உறைக் கட்டி) மட்டும் எண்களை மனத்தில் இருத்தியே ஆக வேண்டும். நுண்ணோக்கியின் பத்து உயர்திறன் புலங்களில் மைட்டோசிஸ் (செல் பிளவு) 4 முதல் 19 வரை என்றால் தரம் 2. 20 அல்லது அதற்கு மேல் என்றால் தரம் 3. மூளைக்குள் ஊடுருவல் தெரிந்தால் அதுவே தரம் 2-க்குப் போதும். டெர்ட் புரோமோட்டர் பிறழ்வோ சிடிகேஎன்2ஏ/பி முழு இழப்போ தரம் 3-க்குப் போதும். வாய்மொழித் தேர்வில் ஒருவர் “பாப்பில்லரி என்றாலே 3தானே?” என்று விடாப்பிடியாகக் கேட்டார். அந்தத் தோற்றம் மட்டும் போதாது என்று புதிய பதிப்பு சொல்வதை ஆண்டோடு எடுத்துச் சொன்னேன். அவர் தலையசைத்தாரே தவிர, மதிப்பெண் தந்ததாகத் தெரியவில்லை. மாணவரிடம் புதிய பதிப்பை எதிர்பார்ப்பவர்கள் தாமும் அதை ஒருமுறை புரட்டிவிட்டு வரலாம்.

புறநரம்புக் கட்டிகளுக்கு அதிக நேரம் செலவிட வேண்டாம். ஷ்வானோமாவில் (நரம்புறைக் கட்டி) அன்டோனி ஏ, அன்டோனி பி பகுதிகள், வெரோகே அமைப்பு, எஸ்100 சாயம். இருபுறச் செவிநரம்பிலும் இருந்தால் என்எஃப்2 என்ற மரபுவழி நோய். இவ்வளவு போதும்.

அந்த நேரத்தைச் சிறுமூளையின் தெளிந்த செல் கட்டிகளுக்குக் கொடுங்கள். ஹீமாஞ்சியோபிளாஸ்டோமாவையும் (ரத்தக்குழாய் மிகுந்த கட்டி) சிறுநீரகப் புற்றின் பரவலையும் வெறும் தோற்றத்தால் பிரிப்பது கடினம். வான் ஹிப்பெல்–லிண்டாவ் என்ற மரபுவழி நோய் உள்ளவருக்கு இரண்டுமே வரக்கூடும் என்பதால் நோய் வரலாறும் கைகொடுக்காது. முதலாவது இன்ஹிபின் சாயத்தை ஏற்கும், இரண்டாவது பேக்ஸ்8 சாயத்தை ஏற்கும். விடைத்தாளில் இரண்டு சாயங்களையும் சேர்த்தே கேளுங்கள்.