மேலோகத்துக்கு ஒரு 17-பி

என் மாமனார் தாலுகா ஆபீஸ் சூப்பிரண்டாக இருந்து ஓய்வு பெற்றவர். அவரோடு உட்கார்ந்து எந்தப் படமும் பார்க்கலாம், ஆபீஸ் வருகிற படத்தைத் தவிர. சிக்கல் என்னவென்றால், நாற்பதுகளின் ஹாலிவுட்டில் சொர்க்கமே ஓர் ஆபீஸ்தான்.

போன ஞாயிறு மத்தியானம் தெரியாத்தனமாக 'ஹியர் கம்ஸ் மிஸ்டர் ஜோர்டன்' (1941) போட்டுவிட்டேன். ஜோ பெண்டில்டன் ஒரு குத்துச்சண்டை வீரன். தன் குட்டி விமானத்தைத் தானே ஓட்டிக்கொண்டு, ராசியான சாக்சபோனோடு கிளம்புகிறான். நடுவழியில் விமானம் விழுகிறது. எப்படியும் சாகப்போகிறவன், எதற்கு வலியும் வேதனையும் என்று இரக்கப்பட்டு, தரையில் மோதும் முன்பே அவன் உயிரை எடுத்துக்கொண்டு போய்விடுகிறார் 7013 என்ற எண் கொண்ட தூதர். மேலே முழங்கால் அளவு மேகம். நடுவில் ஒரு விமானம். பட்டியலைப் பார்த்து ஆட்களை ஏற்றுகிறார்கள். ஏறமாட்டேன் என்று ஜோ மல்லுக்கு நிற்க, மேலதிகாரி ஜோர்டன் பதிவேட்டைச் சரிபார்க்கச் சொல்கிறார். பார்த்தால், பையனுக்கு 1991 வரை ஆயுசு!

மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார். "ரெக்கார்டைப் பாக்காம எப்படி மாப்ள தூக்கினான்? இதுக்கு 17-ஏ எல்லாம் பத்தாது. நேரா 17-பி!"

(அரசு ஊழியர் வீட்டில் வளராதவர்களுக்கு: இரண்டும் ஒழுங்கு நடவடிக்கை விதிகள். 17-ஏ சின்ன தண்டனையோடு போய்விடும். 17-பி வந்தால் வேலைக்கே ஆபத்து, தூக்கம் போய்விடும்.)

படத்தில் 7013-க்கு ஒரு மெமோகூட வரவில்லை. ஜோர்டனாக வரும் கிளாட் ரெயின்ஸ் கடைசிவரை குரலை உயர்த்துவதே இல்லை. 7013-ஆக எட்வர்ட் எவரெட் ஹார்ட்டன். அந்தப் பதற்றத்துக்கென்றே செய்த முகம். "ஆடிட் வந்தப்போ எங்க கிளார்க் இப்படித்தான் நின்னான்" என்றார் மாமா, கொஞ்சம் பாசத்தோடு.

சரி, உயிரைத் திரும்ப உடம்பில் வைத்துவிடலாம் என்று கீழே வந்தால், மேனேஜர் ஏற்கெனவே தகனம் செய்துவிட்டார். அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்த அத்தை, "ஏங்க, இது ரஜினி படம்ல?" என்றார். அத்தை சொன்னது சரிதான். 'அதிசயப் பிறவி'யிலும் (1990) இதே முடிச்சு: ஆயுசு முடியாதவனை எமலோகத்துக்குக் கொண்டுபோய்விடுவார்கள், திரும்பி வந்தால் உடம்பு எரிந்திருக்கும்.

மாமாவின் கவலையோ வேறு. "விமான விபத்து மாப்ள. போஸ்ட்மார்ட்டம் இல்லாம, வி.ஏ.ஓ. வராம, எப்படி எரிச்சாங்க?" மூலக்கதைக்கும் திரைக்கதைக்கும் ஆஸ்கார் வாங்கிய படம் மாமா என்று சொல்லிப் பார்த்தேன். எடுபடவில்லை. மனைவியும் செக்ரட்டரியும் சேர்ந்து குளியல் தொட்டியில் மூழ்கடித்த ஒரு கோடீஸ்வரனின் உடம்பில் ஜோ புகுந்ததும், "ஆள்மாறாட்டம்" என்று ஒரே வார்த்தையில் ஃபைலை மூடினார்.

அப்புறம் லூபிட்ச் எடுத்த 'ஹெவன் கேன் வெயிட்' (1943). செத்துப்போன ஹென்றி, தான் பண்ணிய லீலைகளுக்கு சொர்க்கம் கிடைக்காது என்று தானே முடிவு செய்து நேராக நரகத்து வாசலுக்கு வருகிறார். அங்கே பளபளவென்ற அறையில் உட்கார்ந்திருக்கும் அதிகாரி முழுக்கதையையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, இங்கே இடமில்லை, மேலே போய்ப் பாருங்கள் என்கிறார். மாமா முதல் தடவையாகத் திருப்தியடைந்தார். "உரிய அலுவலகத்தை அணுகவும்னு எழுதிட்டான் பாரு. கரெக்ட்."

எனக்கென்னவோ, போர்க்காலத்தில் வீட்டுப் பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்களுக்கு இந்த ஆபீஸ் சொர்க்கம் ஒரு ஆறுதலாக இருந்திருக்கும் என்று தோன்றுகிறது. விசாரிக்க ஓர் இடம், பதில் சொல்ல ஒரு ஆள். இதை மாமாவிடம் சொன்னேன். "பதில் சொல்ற ஆபீஸா? அப்ப சொர்க்கம்தான்" என்றார்.

ராத்திரி 'இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப்' (1946). ஜேம்ஸ் ஸ்டூவர்ட் பாலத்தின் மேல் நின்று சாகப் பார்க்கிறார். யாருக்கும் நெஞ்சு பதறும். மாமா பார்த்ததெல்லாம் காப்பாற்ற வந்த கிளாரன்ஸை மட்டும்தான். இரண்டாம் வகுப்பு தேவதூதர்; இருநூறு வருஷத்துக்கு மேலாகியும் சிறகு கிடைக்கவில்லை.

"பத்து வருஷத்துல தேர்வு நிலை, இருபதுல சிறப்பு நிலை. இருநூறு வருஷமா ஒருத்தனை ஒரே போஸ்ட்ல வச்சிருக்கானுங்க. சங்கம் கிங்கம் கிடையாதா?"

கடைசியில் கிறிஸ்துமஸ் மரத்தில் மணி அடித்தது. கிளாரன்ஸுக்குச் சிறகு கிடைத்துவிட்டது என்று அர்த்தம். அத்தை முந்தானையால் கண்ணைத் துடைத்தார். எனக்கும் தொண்டை அடைத்தது. மாமா மட்டும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி கேட்டார்:

"பிரமோஷன் சரி மாப்ள. இருநூறு வருஷத்துக்கு அரியர்ஸ் உண்டா, இல்ல காசில்லாம வெறும் நோஷனலா?"