சனிக்கிழமை சம்பளம்

எங்க அப்பா திண்டிவனம் பக்கம் ஒரு சின்ன ஊர்ல சிமெண்ட், கம்பி கடை வச்சிருக்கார். ஊர்ல காசு ஓடுதா இல்லையான்னு தெரிஞ்சுக்க அவர் பேப்பர்லாம் பாக்க மாட்டார், சனிக்கிழமை ராத்திரி ஏழு மணிக்கு கடை வாசல்ல நின்னு எதிர் வரிசை கடைங்கள பாப்பார், அவ்ளோதான். கொத்தனார், சித்தாள், கம்பி கட்டுறவங்க எல்லாருக்கும் வாரக்கூலி அன்னிக்குதானே, அந்தக் காசு மளிகை பாக்கி, பரோட்டா கடை, டாஸ்மாக், சீட்டு, குழு லோன், ஞாயித்துக்கிழமை கறின்னு மறுநாள் மதியத்துக்குள்ள ஊரையே ஒரு சுத்து சுத்திடும்.

அது நின்னு போய் நான் பாத்தது 2016ல. எல்லாரும் நோட்டு செல்லாமப் போனதைத்தான் சொல்வாங்க, ஆனா எங்களுக்கு செப்டம்பர்லயே ஆரம்பிச்சிடுச்சு. அங்கீகாரம் இல்லாத மனைய பத்திரம் பண்ணக்கூடாதுன்னு ஐகோர்ட் தடை போட்டுச்சுல்ல (தப்புன்னு சொல்லல, வயலெல்லாம் கல்லு நட்டு பிளாட் போட்டா வேற என்ன பண்ணுவாங்க), இங்க பாதி பேர் ஒரு மனைய வித்துதான் இன்னொரு மனைல கடக்காலே எடுப்பாங்க.

அப்புறம் நவம்பர் 8. பேங்க்ல வாரத்துக்கு மொதல்ல 20,000, அப்புறம் 24,000 தான் எடுக்கலாம்னாங்க. அப்போ எங்க ஊர்ல கொத்தனாருக்கு 700, சித்தாளுக்கு 400. நாலு கொத்தனார் நாலு சித்தாள் ஆறு நாள் வேலை பாத்தா 26,400 ஆகுது, மேஸ்திரி எங்க போவார்? பழைய 500 நோட்டை குடுத்தாங்க, அதை மாத்த வரிசைல நின்னா அன்னிக்கு கூலி போச்சு.

எங்க கடைல அப்போ குடோன் ஃபுல்லு. சிமெண்ட் என்ன பருப்பா, வச்சு விக்க? மழைக்காலம் வேற, மூணு மாசம் தாண்டினா கட்டி தட்டிடும், கடைசில காம்பவுண்டு சுவர் கட்டுறவங்களுக்கு வந்த விலைக்கு தள்ளினோம். மறு வருஷம் சிமெண்ட்டுக்கு ஜிஎஸ்டி 28%, அப்புறம் மணல் தட்டுப்பாடு, அதெல்லாம் எழுதினா அழுகைதான் வரும்.

வேலை திரும்ப வந்துச்சு, ஆள் வரல. எங்களுக்கு வீடு கட்டின கொத்தனார் அண்ணன் ஒரு கம்பெனி கேட்ல செக்யூரிட்டியா உக்காந்துட்டார், மாசம் பொறந்தா சம்பளம், வெயில் இல்ல, ஏன் வருவார்? கூலி ஏறிச்சு, வடநாட்டு பசங்க வந்தாங்க, 2020 லாக்டவுன்ல அவங்களும் போய்ட்டு திரும்பி வந்தாங்க.

இப்போ பைபாஸ் ஓரமா பெரிய அபார்ட்மெண்ட் ஒண்ணு ஏறிட்டு இருக்கு. அதுக்கு எங்க கடைல ஒரு மூட்டை கூட போகல, கான்கிரீட்டை கலந்தே கொண்டு வர்ற ரெடிமிக்ஸ் லாரி வருது, செங்கலுக்கு பதிலா ஏஏசி பிளாக்னு வெயிட் இல்லாத கல்லு வருது. 2025 செப்டம்பர்ல சிமெண்ட்டுக்கு ஜிஎஸ்டி 18% ஆனப்போ கூட விலை கேக்க வந்தது பாத்ரூம் மாதிரி சின்ன வேலை பாக்குறவங்கதான். சைட்ல நூறு பேர் இருப்பாங்க போல, சமையல் ஷெட்லயே, சம்பளம் அக்கவுண்ட்ல விழுது, அப்படியே போன்லயே ஊருக்கு போயிடுது. பரோட்டா கடைக்காரர் சனிக்கிழமைக்குன்னு தனியா மாவு பிசையறத விட்டுட்டார்னு நேத்து அப்பா சொன்னார்.