காலை இழுத்துக்கொண்டால் நினைவு இருக்கிறதா?

விரலிடுக்கில் கிள்ளியதும் நாய் காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டால் அதற்கு நினைவு இருக்கிறது என்று, கால்நடை மருத்துவராகப் பணியில் சேர்ந்த புதிதில் நானும் நம்பியிருந்தேன். வாகனத்தில் அடிபட்டுத் தலையில் காயத்தோடு வந்த ஒரு நாயின் உரிமையாளரிடம் அந்த நம்பிக்கையிலேயே ஆறுதலும் சொல்லிவிட்டேன். என்னுடன் இருந்த மூத்த மருத்துவர் மறுபடி கிள்ளச் சொல்லி, "காலைப் பார்க்காதே, முகத்தைப் பார்" என்றார். கால் மடங்கியது; ஆனால் தலை திரும்பவில்லை, முனகலும் எழவில்லை. காலை இழுப்பது தண்டுவடமே செய்துமுடிக்கும் அனிச்சைச் செயல். மூளை ஏதும் அறியாத நிலையிலும் அது நடக்கும். வலியை உணர்ந்த நாய் திரும்பிப் பார்க்கும், கத்தும் அல்லது கடிக்க வரும்.

விழிப்பு நிலையைப் பொதுவாக நான்காகப் பிரிக்கிறோம்: இயல்பான விழிப்பு, கூப்பிட்டால் தாமதமாகத் திரும்பும் மந்தநிலை, வலி கொடுத்தால் மட்டுமே விழித்துக்கொள்ளும் அரைமயக்கம், வலிக்கும் விழிக்காத ஆழ்மயக்கம். இவற்றில் மந்தநிலைதான் ஏமாற்றும். பயந்த நாய் மேசைமேல் உறைந்துபோய்க் கிடக்கும். வலிப்பு வந்து ஓய்ந்த நாய் சில மணி நேரம் குழம்பியிருக்கும். வலிப்புக்குக் கொடுத்த மருந்தே தூக்கத்தையும் தரும். இரத்தச் சர்க்கரை குறைந்தாலும், அதிர்ச்சியால் இரத்த அழுத்தம் சரிந்தாலும் மூளையில் காயமில்லாத நாய்கூட மந்தமாகிவிடும் என்பதால், அவற்றைச் சரிசெய்யும் முன் போட்ட மதிப்பெண்ணை நான் முழுதாக நம்புவதில்லை.

மதிப்பெண் என்றது, நினைவுநிலையை எண்ணால் அளக்கும் கிளாஸ்கோ கோமா அளவுகோலின் நாய்களுக்காக மாற்றியமைக்கப்பட்ட வடிவத்தை. மனிதர்களுக்கான மூல அளவுகோல் 1974-இல் வெளிவந்தது. அதில் நோயாளியின் பேச்சுக்கும் மதிப்பெண் உண்டு. நாயிடம் பேச்சை எதிர்பார்க்க முடியாது. ஆகவே நாய்களுக்கான வடிவத்தில் உடல் அசைவு, மூளையைத் தண்டுவடத்தோடு இணைக்கும் மூளைத்தண்டின் அனிச்சைகள், விழிப்பு நிலை ஆகிய மூன்றுக்கும் தலா 1 முதல் 6 வரை மதிப்பெண் இட்டுக் கூட்டுகிறோம்; 18 மிக நல்ல நிலை, 3 மிக மோசமான நிலை. தலைக்காயமடைந்த 38 நாய்களைக் குறித்து 2001-இல் வெளியான ஓர் ஆய்வில், மதிப்பெண் 8 ஆக இருந்தால் முதல் 48 மணி நேரத்தில் பிழைக்கும் வாய்ப்பு ஏறத்தாழ பாதிக்குப் பாதி என்று தெரியவந்தது. ஆயினும் ஒரே ஒரு மதிப்பெண்ணை வைத்து முடிவைச் சொல்லிவிடக் கூடாது என்பது என் எண்ணம். காலையில் 12 ஆக இருந்து மாலையில் 9 ஆன நாயைவிட, 9-இலிருந்து 12-க்கு ஏறிய நாயைப் பற்றியே எனக்குக் கவலை குறைவு.

மூன்றில் நான் அதிக நேரம் செலவிடுவது கண்களில்தான். ஒளி பட்டதும் கண்மணி சுருங்குகிறதா, தலையை மெல்லப் பக்கவாட்டில் திருப்பும்போது விழிகளும் துள்ளித் துள்ளி நகர்கின்றனவா என்று பார்ப்பது மூளைத்தண்டைச் சோதிப்பதாகும். கழுத்தெலும்பு முறிந்திருக்கலாம் என்ற ஐயம் இருந்தால் தலையைத் திருப்பவே கூடாது. இரு கண்மணிகளும் அகல விரிந்து ஒளிக்கு அசையாமல் நின்றால், அந்தப் பிரிவில் கிடைப்பது 1 மட்டுமே.

உள்காதின் சமநிலை உறுப்பு பாதித்த முதிய நாய், முதலில் சொன்ன அடிபட்ட நாய்க்கு நேரெதிர். தலை சாய்ந்து, விழிகள் துடித்து, எழ முடியாமல் புரளுவதைக் கண்டு வீட்டார் நினைவு தப்பிவிட்டதென்று பதறுவார்கள். ஆனால் பெயரைக் கூப்பிட்டால் அது உடனே வாலை ஆட்டும்.

நோயேட்டில் இப்போது "மந்தம்" என்ற ஒற்றைச் சொல்லோடு நான் நிறுத்துவதில்லை. "பெயர் சொன்னதும் காது அசைந்தது, தலை திரும்பவில்லை, கிள்ளியதும் முனகியது" என்று நேரத்தைக் குறித்து எழுதுகிறேன். இரவுப் பணிக்கு வருபவர் அதே சோதனைகளைத் திரும்பச் செய்து, நாய் தேறுகிறதா சரிகிறதா என்று ஒப்பிட அந்த வரி போதுமானதாக இருக்கிறது.