மங்கின பிங்க் சுவர்: ஷேடு கார்டிலிருந்து இரண்டாம் கோட்டு வரை

அறை 3.6 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 2.75 மீட்டர் உயரம். ஒரு கதவு, ஒரு ஜன்னல். நேர் வெயில் மாலையில் கொஞ்ச நேரம்தான் விழும். மற்ற நேரமெல்லாம் வானத்து வெளிச்சம் மட்டும். தரை மர நிறம். பழைய சுவரில் வெளிர் மஞ்சள் எமல்ஷன். வேண்டியது பிங்க், ஆனால் பொம்மைக் கடை பிங்க் அல்ல. உட்கார்ந்து படிக்கிற அறைக்குப் பொருந்துகிற, தூசு படிந்தாற்போல் அடங்கிய பிங்க்.

ஷேடு

கார்டில் பார்த்ததும் ‘நல்ல பிங்க்’ என்று தோன்றுகிற எதுவும் இந்த வேலைக்கு ஆகாது. ஒரு சுவரில் பட்ட வெளிச்சம் எதிர்ச் சுவருக்குப் போய் அங்கிருந்து மறுபடி திரும்புகிறது. ஒவ்வொரு தடவையும் பெயிண்ட் நீலத்தையும் பச்சையையும் கொஞ்சம் விழுங்கிவிட்டு, சிவப்பை மட்டும் தாராளமாகத் திருப்பி அனுப்புகிறது. நாலு சுவரும் ஒரே நிறம் என்றால் அந்தச் சிவப்பு சேர்ந்துகொண்டே போகும். அதனால் தீப்பெட்டி அளவுத் துண்டில் மணல் நிறம் போலவோ வெளுத்த பழுப்பு போலவோ தெரிகிற ஷேடுதான் சுவருக்கு வந்ததும் பிங்க் ஆகிறது. தேட வேண்டியது பிங்க்கை அல்ல, சிவப்பு கலந்த வெளிர் பழுப்பை. இது ஒன்று பிடிபட்டால் கார்டில் முக்கால்வாசிப் பக்கங்களைப் புரட்டாமலே தள்ளிவிடலாம்.

கண்ணை மட்டும் நம்பாமல் எண்ணையும் பார்ப்பது நல்லது. நிறங்களை எண்ணால் குறிக்கும் என்சிஎஸ் முறையில் எஸ் 2010-ஒய்80ஆர் என்றால் 20 என்பது கருமை, 10 என்பது நிறச்செறிவு, கடைசிப் பகுதி மஞ்சளிலிருந்து சிவப்பை நோக்கி 80 சதவீதம் நகர்ந்த நிறம். நாலு சுவருக்கும் அடிப்பதாக இருந்தால் செறிவு 10-ஐத் தாண்ட வேண்டாம். 20-க்குப் போனால் அடங்கிய பிங்க் என்று சொல்ல முடியாது. கருமை 10 முதல் 20 வரை. ஒய்70ஆர் பக்கம் போனால் பீச், ஆர்20பி (சிவப்பிலிருந்து நீலத்தை நோக்கி 20 சதவீதம்) பக்கம் போனால் ஊதா.

அடுத்த எண் எல்ஆர்வி. சுவர் எவ்வளவு வெளிச்சத்தைத் திருப்பித் தரும் என்பதை 0 முதல் 100 வரை சொல்வது. இந்த அளவு அறைக்கு 50 முதல் 65 வரை சரியாக வரும். 75-க்கு மேல் போனால் பகலில் வெள்ளையடித்த சுவர் போலத்தான் தெரியும், கார்டைப் பக்கத்தில் வைத்தால்தான் பிங்க் என்று நம்ப முடியும். 40-க்குக் கீழே செங்கல் நிறத்தின் வாடை வந்துவிடுகிறது. அதுவும் அழகுதான், ஆனால் அது வேறு அறை.

பெயர் சொல்லித் தேட வேண்டுமானால் ஃபாரோ அண்ட் பால் நிறுவனத்தின் ‘செட்டிங் பிளாஸ்டர்’ 231 நல்ல அளவுகோல்: காயும் பிளாஸ்டரின் நிறத்தை ஒட்டியது. அதே நிறுவனத்தின் ‘சல்கிங் ரூம் பிங்க்’ 295 அதைவிட ஆழமானது, ரோஜாச் சாயல் கொண்டது. இரண்டு கார்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டால் எந்தக் கம்பெனி ஷேடையும் ‘இதைவிடப் பழுப்பா, ஊதாவா’ என்று ஒப்பிட முடிகிறது.

டப்பாவுக்குள் என்ன இருக்கிறது

டின்டிங் மெஷினில் ஷேடு போட்டதும் எந்தச் சாயம் எவ்வளவு என்ற கணக்கு லேபிளில் வரும். வராவிட்டால் கேட்டுப் பாருங்கள், பெயரைவிட அது அதிகம் சொல்லும். வெள்ளை பேஸ், முதன்மையாகச் சிவப்பு ஆக்சைடு, அதில் பாதி அளவு மஞ்சள் ஆக்சைடு, மங்க வைக்கக் கொஞ்சம் அம்பர் என்ற மண்பழுப்புச் சாயம்: இந்தக் கூட்டணி இருந்தால் கவலையில்லை. இரும்பு ஆக்சைடு சாயங்கள் வெயிலிலும் வெளுக்காது, புதுப் பூச்சின் காரத்துக்கும் அசையாது. மெஜந்தாவோ ஆர்கானிக் சிவப்போ முதலிடத்தில் இருந்தால் நிறம் மிட்டாய்ப் பக்கம் போகும். அப்படிப்பட்ட சாயங்கள் வெள்ளையில் மிகக் கொஞ்சமாகக் கரையும்போது வெயில் படுகிற இடத்தில் சீக்கிரம் வெளுக்கவும் கூடும்.

மங்க வைப்பதற்குக் கருப்பை மட்டும் நம்பிய கலவைகளையும் ஒதுக்கிவிடலாம். கார்பன் கருப்பு வெள்ளையோடு சேர்ந்தால் நீலம் கலந்த சாம்பல். அது பிங்க்கை ஊதாவுக்கு இழுத்துவிடும். அம்பர் பழுப்பாக மங்க வைக்கும். பச்சை ஆக்சைடு இன்னும் நுட்பமானது. சிவப்புக்கு எதிர் நிறம் என்பதால் ஒரு சொட்டிலேயே துள்ளலை அடக்கிவிடும், இரண்டாவது சொட்டில் அழுக்காகிவிடும்.

சிவப்பையும் வெள்ளையையும் மட்டும் கலந்தால் என்ன ஆகும் என்பதற்குப் பேர் போன உதாரணம் பேக்கர்-மில்லர் பிங்க். 1979-இல் அமெரிக்கக் கடற்படைச் சிறையறை ஒன்றுக்கு அடித்துப் பார்த்த நிறம். ஒரு கேலன் வெள்ளைக்கு ஒரு பைன்ட் சிவப்பு, அதாவது எட்டுக்கு ஒன்று. கைதிகளை அது சாந்தப்படுத்தும் என்றார்கள், பிற்பாடு நடந்த சோதனைகளில் அது நிற்கவில்லை. நிறம் மட்டும் பளிச்சென்று நின்றது. மங்கின பிங்க் வேண்டுபவர் இதற்கு நேர் எதிர்த் திசையில் போக வேண்டும்.

மாதிரிக்குக் கையால் கலப்பதானால் வெள்ளை எமல்ஷன் 500 மில்லி, 1 மில்லி சிரிஞ்ச், ஆக்சைடு ஸ்டெய்னர்கள் (பெயிண்ட்டில் கலக்கும் சாயங்கள்) போதும். சிவப்பு 4 பங்கு, மஞ்சள் 2, அம்பர் 1 என்று தொடங்கி, ஒவ்வொரு சேர்க்கைக்கும் தாளில் ஒரு கோடு இழுத்து, காயவைத்த பிறகே அடுத்த சொட்டு. ஈரத்தில் எமல்ஷன் வெளிறித் தெரியும், காய்ந்தால் ஒரு படி ஆழமாகும். முழு அறைக்குக் கைக்கலவை வேண்டாம். பாதிச் சுவரில் தீர்ந்தால் அதே நிறம் மறுபடி வராது.

போர்டு

நேராகச் சுவரில் பட்டை அடித்துப் பார்ப்பதில் பயனில்லை. பழைய மஞ்சள் சுற்றிலும் இருப்பதால் கண் பிங்க்கை ஊதாவாக வாசிக்கிறது. 60 × 60 செ.மீ. ஹார்டுபோர்டில், வெள்ளை ப்ரைமர் மேல் இரண்டு கோட்டு, சுவருக்குப் பயன்படுத்தப்போகிற அதே ரோலரால், ஓரம் விடாமல் அடித்து, பின்னால் வெள்ளைச் சார்ட் பேப்பர் ஒட்டிய சுவரில் நிறுத்தினால்தான் உண்மை தெரிகிறது. படுக்க வைத்துப் பார்க்கக் கூடாது, மேலிருந்து விழுகிற வெளிச்சம் வேறு.

ஒரே ஷேடில் இரண்டு போர்டு செய்து, மூலையில் எல் வடிவில் சேர்த்து வைத்ததுதான் எல்லாவற்றையும்விட அதிகம் சொன்னது. சேருகிற இடத்தில் நிறம் கண்ணெதிரே செறிவாவதைப் பார்க்கலாம். தனிப் போர்டில் பிடித்த ஒரு ஷேடு அந்த மூலையில் சோப்பு நிறமாகிப் போட்டியிலிருந்து விழுந்தது. கடைசியில் நான்கு சுவரிலும் வரப்போகும் நிறம் மூலையில் தெரிவதற்கே நெருக்கமாக இருக்கும்.

பீச், ஊதா, பழுப்பு என மூன்று பக்கம் சாய்ந்த ஷேடுகளை வைத்துப் பார்த்ததில்: ஊதா சாய்ந்தது காலை வானவெளிச்சத்தில் சாம்பலாகி, மேகமூட்டத்தில் உயிரே இல்லாமல் போனது. பீச் பகலில் அருமை, மாலை வெயிலில் ஆரஞ்சு. பழுப்பு சாய்ந்தது எந்த நேரத்திலும் எல்லை மீறவில்லை. காலையில் கொஞ்சம் சோகை, அவ்வளவுதான். தேர்வு அதுவே. வெயிலே வராத அறைக்கு பீச் பக்கம் ஒரு படி நகர்வதில் தப்பில்லை. ஜன்னலுக்கு வெளியே அடர்ந்த மரம் இருந்தால் இலைப் பச்சை உள்ளே வந்து பிங்க்கைத் தின்னும். அங்கே ஒரு படி கூடுதல் சிவப்பு தாங்கும்.

மூன்றையும் ஒட்டி ஒட்டி வைத்துத் தீர்ப்பு சொல்லக் கூடாது. பக்கத்தில் இருப்பது மற்றதன் சாய்வைப் பெரிதாக்கிக் காட்டும். ஒவ்வொன்றாக, மற்றதை மறைத்துவிட்டு.

விளக்கு

பகலில் தேர்ந்த நிறம் இரவில் கெடுவது பெரும்பாலும் எல்இடியால். பல்பின் வெளிச்சத்தில் நிறங்கள் எவ்வளவு உண்மையாகத் தெரியும் என்பதற்குப் பெட்டியில் போடுகிற சிஆர்ஐ எண் எட்டு மிதமான நிறங்களின் சராசரி. அடர் சிவப்பைச் சோதிக்கும் ஆர்9 அதில் சேர்த்தி இல்லை. சிஆர்ஐ 80 என்ற பல்பில் ஆர்9 மிகக் குறைவாக இருக்கலாம். அந்த வெளிச்சத்தில் பிங்க்கிலிருந்து சிவப்பு வடிந்து, பழைய காகிதம் போல ஒரு பழுப்பு மட்டும் மிஞ்சும். சிஆர்ஐ 90-க்கு மேல், ஆர்9 50-க்கு மேல் உள்ள பல்பு போட்டதும் அதே போர்டு திரும்ப உயிர் பெற்றது. 2700 முதல் 3000 கெல்வின், அதாவது மஞ்சள் சாய்ந்த வெளிச்சம், இந்த நிறத்துக்கு இணக்கம். 6500 கெல்வின் வெள்ளை பல்பு இருக்கிற அறைக்கு மங்கின பிங்க் அடிப்பதில் அர்த்தமே இல்லை; முதலில் பல்பை மாற்றுங்கள்.

சீலிங், மரவேலை, மினுமினுப்பு

நீலவெள்ளை சீலிங் பக்கத்தில் இந்த பிங்க் அழுக்காகத் தெரிகிறது. சுவரின் கலவையையே கால் பங்கு சாயத்தோடு வெள்ளை பேஸில் போடச் சொல்லி சீலிங்குக்கும் கதவுச் சட்டத்துக்கும் எடுத்தால் சண்டை வராது. ஃபினிஷ் மேட் (பளபளப்பில்லாதது) மட்டுமே. மினுமினுப்பு வந்தால் ஜன்னலின் பிரதிபலிப்பு சுவரில் வெள்ளைத் திட்டாக விழும், பட்டி மேடு பள்ளமும் தெரியும், நிறமும் பிளாஸ்டிக் போலாகும். கை படுகிற இடம் என்றால் கழுவக்கூடிய மேட் கேளுங்கள்.

அளவும் அடிப்பும்

சுற்றளவு 13.2 × உயரம் 2.75 = 36.3 சதுர மீட்டர். கதவு, ஜன்னல் சேர்த்து 3.7 கழித்தால் 32.6. இரண்டு கோட்டுக்கு 65.2. லிட்டருக்கு 11 சதுர மீட்டர் என்று வைத்தால் 5.9 லிட்டர்; பத்து சதவீதம் கூட்டி 6.5. இது தயாரான சுவருக்கான கணக்கு, புதுப் பட்டி இன்னும் குடிக்கும். எல்லா டப்பாவையும் ஒரே நேரத்தில் டின்ட் செய்து, பெரிய வாளியில் ஒன்றாகக் கொட்டிக் கலந்துவிட்டுத்தான் ஆரம்பம். மிகக் கொஞ்சம் சாயம் போகிற ஷேடுகளில் மெஷினின் சிறு பிசகுகூட டப்பாவுக்கு டப்பா வித்தியாசம் காட்டும்.

பட்டி பார்த்த திட்டுகளுக்கு மட்டும் ப்ரைமர் போட்டால் அந்த இடம் தனியாகத் தெரியும், முழுச் சுவருக்கும் போட வேண்டும். புதுப் பூச்சுச் சுவர் என்றால் குறைந்தது 28 நாள் காயட்டும். 180 நம்பர் உப்புத்தாள், தூசு துடைப்பு, ப்ரைமர், பிறகு 10 மி.மீ. மைக்ரோஃபைபர் ரோலர்.

மேட் பிங்க்கில் அதிகம் தெரிகிற குறை, ஓரங்களில் ஃபிரேம் போட்டதுபோல் இருண்ட பட்டை. பிரஷ் தடிமனாக விடுவதும், ஓரம் காய்ந்த பிறகு ரோலர் வருவதும்தான் காரணம். நாலு சுவர் ஓரத்தையும் முதலில் முடிப்பதை விட்டு, ஒரு சுவரின் ஓரத்தை அடித்ததும் ஈரத்திலேயே ரோலரை விளிம்பு வரை கொண்டுபோனால் அது வராது. தண்ணீர் அளவு இரண்டு கோட்டுக்கும் டப்பாவில் சொன்னபடி. நடுவில் கூட்டினால் மேட்டின் அளவு மாறிக் கோடு கோடாக மின்னும்.

முதல் கோட்டு காய்ந்ததும் நிறம் திட்டுத்திட்டாக, போர்டைவிடச் சிவப்பாகத் தெரிந்தது. பழைய மஞ்சளும் ப்ரைமரும் இன்னும் முழுதாக மறையாத நிலை அது, அங்கே ஷேடை மாற்ற ஓடக் கூடாது. 4 மணி நேரம் கழித்து இரண்டாவது கோட்டு, மறுநாள் பகல் வெளிச்சத்தில் போர்டை ஒட்டிப் பார்த்தபோது விளிம்பு தெரியவில்லை. மீந்த பெயிண்ட்டை முக்கால் நிரம்பக்கூடிய சின்னப் பாட்டிலுக்கு மாற்றி, சாயக் கணக்கு லேபிளைப் பெயர்த்து அதன்மேல் ஒட்டியாயிற்று. ஆணி பிடுங்கிய ஓட்டை அடைக்க 200 மில்லி தாராளம்.