ஈரத்துண்டு

ஏப்ரல் 6, ஞாயிறு

தம்பி வந்து ரெண்டு நாள் ஆச்சு. டெல்லி முனிர்கா வெயில்ல அவன் ரூம்ல ஃபேன் போட முடியல, காத்து பட்டாலே வலது உள்ளங்கை தீ வச்ச மாதிரி எரியுதுங்கறான். முழங்கைல குண்டுச் சிதறல் (ஸ்ப்ளிண்டர்) பட்ட புண் ஆறி அஞ்சு மாசம், தழும்பு கூட மங்கிடுச்சு, அதப் பாத்துட்டுதான் ஒரு டாக்டர் "டூட்டிக்குப் போக பயமா?"ன்னு கேட்டிருக்காரு. வலியில அழாதவன் அதச் சொல்லும்போது அழுதுட்டான். நாள் முழுக்க ஈரத்துண்ட கையில சுத்திட்டே இருக்கான், ராத்திரி கட்டில் பக்கத்துல வாளி.

ஏப்ரல் 9, புதன்

புது டாக்டரம்மா துண்டப் பாத்ததுமே புரிஞ்சுகிட்டாங்க. அமெரிக்க உள்நாட்டுப் போர்ல குண்டடிபட்ட சிப்பாய்ங்களப் பாத்த வியர் மிட்செல்ங்கற டாக்டர் 1864லயே இத புக்கா எழுதிட்டாராம், அவங்களும் கையில ஈரத்துணி சுத்திப்பாங்களாம், சிலர் பூட்ஸுக்குள்ளயே தண்ணி ஊத்திப்பாங்களாம், பேப்பர் சரசரத்தா கூட தாங்க மாட்டாங்களாம். காஸால்ஜியான்னு பேரு. நரம்பு பாதி அடிபட்டு நின்னுட்டா புண் ஆறினப்புறமும் எரியுது எரியுதுன்னு மூளைக்கு சொல்லிட்டே இருக்கும், சாதா வலி மாத்திரைக்கு அடங்காது. நரம்பு வலிக்கான மாத்திரை, ப்ரீகாபலின் 75 மில்லிகிராம் எழுதிக் குடுத்தாங்க, ராத்திரிக்கு. ஆட்டோல "அப்ப நான் நடிக்கலல்லக்கா"ன்னான். நூத்தி அறுபது வருஷமா தெரிஞ்ச விஷயத்துக்கு என் தம்பிய ஏன் பொய்யனாக்கணும்? வயிறு எரியுது.

ஏப்ரல் 17, வியாழன்

கழுத்துல ஊசி போட்டாங்க, அங்க இருக்கற நரம்பு முடிச்ச மரத்துப்போக வைக்கறது, ஸ்டெல்லேட் கேங்லியான் பிளாக்னு பேரு. கொஞ்ச நேரத்துல வலது கண் இமை தொங்கிடுச்சு, பக்கவாதமோன்னு பதறிட்டேன். மருந்து சரியான இடத்துக்குப் போயிருக்கு, அதோட அடையாளம்தான் இது, சில மணி நேரத்துல சரியாயிடும்னாங்க. கையத் தொட்டுப் பாத்தேன். கதகதன்னு இருந்துச்சு. தொட விட்டான்!

ஏப்ரல் 27, ஞாயிறு

மூணு நாள் துண்டில்லாம இருந்தான், அப்புறம் எரிச்சல் திரும்பிடுச்சு, ஆனா பழைய அளவு இல்ல. பிசியோல பஞ்சு, பட்டுத்துணி, அப்புறம் அரிசின்னு சொல்லிக் குடுத்திருக்காங்க, தொட்டா வலி இல்லன்னு நரம்பு பழகணுமாம். போன வாரம் பஞ்சுக்கே பல்லக் கடிச்சவன் இன்னிக்கு பொன்னி அரிசி டப்பால மணிக்கட்டு வரைக்கும் கைய விட்டான், நாப்பது செகண்ட், நெத்தியெல்லாம் வேர்வை. வெளிய எடுத்து விரலிடுக்குல ஒட்டின அரிசிய ஒண்ணொண்ணா தட்டி விட்டான். ஃபேன ஒண்ணுல வைக்கட்டுமாடான்னு கேட்டேன்.

நாளைக்குன்னான்.