பன்னிரண்டாவது நிமிடத்து வலி

ஆபரேஷன் முடிந்த மூன்றாவது மாதம், "கால் சரியாகிவிட்டதா?" என்று கேட்டவர்களிடமெல்லாம் "முழுசா சரியாயிடுச்சு" என்று சொன்னேன். ஏழு வருடம் கழித்து இன்று கேட்டால், காலின் முன்பக்கத்துக்கு ஒரு பதில், பின்பக்கத்துக்கு வேறு பதில்.

ஆபரேஷனுக்கு முன்பெல்லாம், பெசன்ட் நகர் கடற்கரைச் சாலையில் ஓடும்போது சரியாகப் பன்னிரண்டாவது நிமிடம் முழங்காலுக்குக் கீழே இரண்டு கால்களும் கல்லாக இறுகும். பாதம் மரத்து, தரையில் தொப்பென்று விழும். நின்றால் இருபது நிமிடத்தில் வலி இருந்த சுவடே இருக்காது. எக்ஸ்ரே, எம்ஆர்ஐ இரண்டும் நார்மல். ஷின் ஸ்ப்ளின்ட், அதாவது ஓடுபவர்களுக்குக் கீழ்க்கால் எலும்பையொட்டி வரும் வலி, என்று நினைத்து ஷூ மாற்றினேன், ஐஸ் வைத்தேன், ஓய்வெடுத்தேன். இரண்டு வருடம் அப்படியே போனது.

"எத்தனையாவது நிமிஷத்துல வருது?" என்று முதலில் கேட்டவர் ஒரு விளையாட்டு மருத்துவர். ட்ரெட்மில்லில் வலி வரும்வரை ஓடவிட்டு, உடனே தசைக்குள் ஊசி செலுத்தி அழுத்தம் பார்த்தார். ஓடி முடித்த ஒரு நிமிடத்தில் 30 மி.மீ. பாதரசத்தைத் தொட்டாலே சந்தேகப்பட வேண்டும். எனக்கு 46. கீழ்க்காலில் தசைகள் நான்கு அறைகளாக இருக்கின்றன. ஓடும்போது தசை உப்பும். அதைச் சுற்றியுள்ள உறை விரிந்து கொடுக்காவிட்டால் அழுத்தம் ஏறி ரத்த ஓட்டம் குறையும். 'கம்பார்ட்மென்ட் சிண்ட்ரோம்' என்றார். அந்த உறையை நீளவாக்கில் கீறிவிடுவதுதான் ஃபேசியாட்டமி.

இரண்டு கால்களிலும் முன், பக்கவாட்டு அறைகளோடு பின்புற ஆழ் அறையையும் திறந்தார்கள். "பின்பக்கத்துல முன்பக்கம் அளவுக்குப் பலன் கிடைக்கிறதில்ல" என்று சர்ஜன் முன்பே சொல்லியிருந்தார். வலி போகப்போகிற சந்தோஷத்தில் அதை நான் சரியாகக் காதில் வாங்கவில்லை. மறுநாளே நடக்கவைத்தார்கள். கீறிய இடம் தழும்பாகி மறுபடி இறுகிவிடக் கூடாது என்று பிசியோ தினமும் கணுக்காலை அசைக்க வைத்தார். வலித்தாலும் அதை மட்டும் ஒருநாளும் விடவில்லை.

முன்பக்க வலி இன்றுவரை திரும்பவில்லை. அது எனக்குப் பெரிய வரம். பின்பக்கம் மூன்றாவது வருடம் மெல்லத் திரும்பியது, பழைய வலியில் கால்வாசி இருக்கும். இடது பாதத்தின் மேல் ஒரு ரூபாய் நாணயம் அளவு இடம் இன்னும் மரத்தே இருக்கிறது; தோலுக்கு அருகில் ஓடும் நரம்பு அடிபட்டதன் விளைவு.

மறுபடி கத்தி வேண்டாம் என்று, குதிகாலை முதலில் ஊன்றாமல் சின்ன எட்டாக வைத்து ஓடப் பழகினேன். 2012இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில் பத்துப் பேர் ஆறு வாரம் முன்பாதத்தில் ஊன்றி ஓடப் பயிற்சி எடுத்தார்கள். பத்துப் பேருக்குமே ஆபரேஷன் தேவைப்படவில்லை. சின்ன ஆய்வுதான். ஆனாலும் ஆபரேஷனுக்கு முன்பே இதை முயன்று பார்த்திருக்கலாமே என்று இன்றும் மனம் அடித்துக்கொள்கிறது.

இன்று காலை எட்டு கிலோமீட்டர். அடையாறு பாலத்தில் ஆடுசதைக்குள் லேசாக இறுகியது. ஒரு நிமிடம் நடந்தேன், விட்டது. அப்புறம் வீடுவரை ஓடியே வந்தேன்.